தாமரையிடம் நான் கேட்ட கேள்வி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
நவம்பர் 13, வியாழக்கிழமை

அன்புள்ள நுஸைபாவுக்கு,

சிவசம்பு எழுதுவது. நீ கிளாஸ்கோவிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பியதை உன் தம்பி ஷபீர் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நான் கையால் எழுதுவதையும் அவனே படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு வேலை கொடுப்பதில் எனக்குச் சங்கடம்தான். ஆனால் திரையில் எழுதினால் எனக்குச் சிந்தனை ஓடுவதில்லை.

எழுத உட்கார்ந்தால் எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே எழுதப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உன் வீட்டுச் செய்தி.
2. வழக்கறிஞர் கமலநாதனைப் பார்த்தது.
3. அந்தப் பெண்பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வி சரியானதே. ஆகவே நீ கேட்கும் சத்தியப் பிரமாணத்தில் நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.
4. உன் கையேட்டின் தமிழ்.
5. உன் உடம்பு, குளிர் முதலியவை.

முதலாவது. உன் அத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடையில் உயரமான நாற்காலி ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே எல்லோரையும் விரட்டுகிறார். காலையில் நான் தேநீர் குடிக்கப் போகும்போது உன்னைப் பற்றிய புகார் ஒன்று தயாராக இருக்கும். நேற்று, "சம்பு அண்ணே, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ஜாமீன் எடுக்கத் தெரியுது, அத்தா போன் அடிச்சா எடுக்கத் தெரியல" என்றார். அடுத்த மேசைக்காரர் யாரைச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், நீ சிறுவர் நீதி பற்றிப் படிக்க உபகாரச் சம்பளம் பெற்றுப் போயிருப்பதைக் கால் மணி நேரம் விளக்கினார். பாவம் அந்த மனிதர், ரொட்டி சானாய் ஆறும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா நலம். நீ படத்தில் போட்டிருக்கும் கம்பளிச் சட்டை மெல்லியதாகத் தெரிகிறது என்று சொல்லச் சொன்னார்.

இரண்டாவது. திங்கட்கிழமை பங்சாரில் திரு. கமலநாதனின் அலுவலகத்துக்குப் போனேன். இங்கிருந்து ஒரே ஒரு ரயில் நிலையம். இருந்தும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, கீழே மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் திருப்பி எழுதுகிறேன்.

சென்ற மார்ச் மாதத்தில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்ற என்னை, தமிழுக்கு வேறு ஆள் கிடைக்காத ஒரு நாளில் சிறுவர் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் பெயரை வெளியில் எழுதக் கூடாது என்பது சட்டம். நீ தாமரை என்று குறித்திருந்தாய். நானும் அப்படியே எழுதுகிறேன். கிள்ளான் பக்கம் ஒரு பேரங்காடியில் கைப்பேசிக் கடை ஒன்றிலிருந்து மூன்று கைப்பேசிகள் திருடு போயின. அவை தாமரையின் தோளில் தொங்கிய பையில் இருந்தன. பை அவளுடைய பெரியம்மா மகளுடையது. அந்தப் பெண் ஓடிவிட்டாள். தாமரை ஓடவில்லை.

அன்று அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்பட்டது. தமிழ்ப் பள்ளியை விட்டு, மலாயில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் போய் இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளை. தலையை ஆட்டினாள், எதற்கு ஆட்டினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தமிழில் கேளுங்கள் என்று மாஜிஸ்திரேட் அம்மையார் என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நான் மலாயில் சொன்னேன். பிறகு நலத்துறை அறிக்கை வந்தது. அப்பா லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட். வீட்டில் கவனிக்க ஆளில்லை. மூன்று வருடம் சீர்திருத்தப் பள்ளி என்று உத்தரவானது. இப்போது எட்டு மாதம் ஆகிறது.

கமலநாதன் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கிறார். எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமலேயே அவள் ஒப்புக்கொண்டாள் என்பது அவர் வாதம். நீதிமன்றப் பதிவில் நான் மலாயில் சொன்ன ஒரு வரிதான் இருக்கிறது. தமிழில் என்ன சொல்லால் கேட்கப்பட்டது என்பது அதில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். இம்மாதம் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதிக் கையெழுத்திட்ட சத்தியப் பிரமாணம் வேண்டும், அது இல்லாவிட்டால் மனு நிற்காது என்று ஒளிக்காமல் சொன்னார். யோசிக்க அவகாசம் கேட்டேன். "யோசிங்க சார், நான் அவசரப்படுத்தல. ஆனா நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கும்" என்றார். குரல் உயர்த்தாமல் பேசுகிற மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

வெளியே வந்தபோது நாற்காலியிலிருந்து ஒருவர் சட்டென்று எழுந்தார். தாமரையின் அப்பா. அவர் பெயரையும் எழுதினால் மகள் யார் என்று தெரிந்துவிடும், கன்னையா என்று வைத்துக்கொள்கிறேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "அன்னைக்கு கோர்ட்ல நீங்கதானே அங்கிள் தமிழ்ல சொன்னீங்க? அங்க எம்புள்ளகிட்ட மொகம் கொடுத்துப் பேசுனது நீங்க ஒருத்தர்தான்" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை மகளைப் பார்க்கப் போவதாகவும், அவள் என்னைப் பற்றிக் கேட்பாள் என்றும், நானும் வர வேண்டும் என்றும் சொன்னார். ஒரே நாளில் இரண்டு பேரைத் தட்டிக்கழிக்க எனக்கு வராது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது. இதைத்தான் யோசித்து எழுதுகிறேன்.

நான் என்ன சொல்லால் கேட்டேன் என்பதில் சந்தேகமில்லை. பிள்ளைகளிடம் எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்பேன். "தப்புன்னு ஒத்துக்கிறியா?" என்று கேட்டேன். "தப்புதான் சார்" என்று அவள் சொன்னாள்.

மலாயில் 'சாலா' என்ற ஒரே சொல், செய்யக் கூடாததற்கும் வரும், சட்டப்படி குற்றவாளி என்பதற்கும் வரும். தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை. பெரியவர்களிடம் 'குற்றம்' என்பேன். பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டால் மிரண்டுபோய் வாயடைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நாங்கள் 'பிழை' என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தாத்தா அரசாங்க வேலையோடு கொண்டுவந்த தமிழ் அது. தோட்டத்திலிருந்தும் பலகை வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருந்தது. அவர்கள் வராந்தாவில் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் 'தப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். அதை என் சொற்குறிப்பு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். நான் செய்தது பொறுப்பில்லாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. எந்தச் சொல்லால் கேட்டிருந்தாலும் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். பை அவள் தோளில் இருந்தது. ஒரு கிழவன் எட்டு மாதம் கழித்து, நான் அந்தச் சொல்லைச் சொன்னேன், இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால், நீதிபதிக்கு அதனால் என்ன பயன்? சட்டம் படித்த உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீதிமன்ற வராந்தாவில் நீ முதன்முதலாக என்னை மறித்துக் கேள்வி கேட்ட நாள் நினைவிருக்கிறது. கையில் ஒரு பை நிறைய ரொட்டி, விலங்கு போட்டு அழைத்து வந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக. காவலர் தடுத்ததும், பசித்த பிள்ளை தலையை எல்லாவற்றுக்கும் ஆட்டும், பசியில் ஆட்டியது என்று யார் எழுதிக்கொள்வது என்று அவரிடம் கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கிள், அந்தப் பையன் நாலு வார்த்த பேசினான், நீங்க ஒண்ணுதான் சொன்னீங்க, மிச்சம் மூணு எங்க?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று நடந்தேன். பின்னாலேயே வந்து, "நீங்க ரொம்ப நல்லவரு அங்கிள், அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாய். உன் அத்தாவின் கடையில் எத்தனையோ நாள் உன்னைப் பார்த்திருந்தும், யார் பெற்ற பிள்ளை இப்படிப் பேசுகிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே என்னை மன்னித்துக்கொள். சத்தியப் பிரமாணம் கொடுக்க என்னால் இயலாது. கமலநாதனுக்கு நானே திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன்.

நான்காவதை நாளை எழுதுகிறேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, துணி உலர்த்தியிருக்கிறேன்.


நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

நுஸைபா, நாளை என்று எழுதினேன், மூன்று நாள் ஆகிவிட்டது. மேலே எழுதியதை ஷபீரிடம் இன்னும் கொடுக்கவில்லை. இனி எழுதுவது என் வரிசையில் இல்லாதது.

நேற்று விடியற்காலை கன்னையா லோரியோடு வந்து நின்றார். தெற்கே ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் இறக்க வேண்டியிருந்ததால், முதலாளி போகிற வழியில் மகளைப் பார்த்துக்கொள்ள விட்டிருக்கிறார். லோரியில் ஏற இரண்டு தடவை முயன்றும் என்னால் முடியவில்லை. மூன்றாவது தடவை அவர் பின்னாலிருந்து தூக்கிவிட்டார். "புடிச்சிக்குங்க அங்கிள், இது ஒங்க கோர்ட்டு நாற்காலி மாதிரி இல்ல லா" என்று சிரித்தார்.

மூன்று மணி நேரப் பயணம். கன்னையா பேசிக்கொண்டே ஓட்டுகிறவர். தீபாவளிக்கு மகள் இல்லாததால் வீட்டில் முறுக்கு சுடவில்லை என்றார். மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்து மகளின் பள்ளிச் சீருடையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைப்பதாகச் சொன்னார். நான் பேச்சை மாற்றுவதற்காக, சிறுவயதில் தாமரை குறும்பு செய்வாளா, அடிப்பீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாற்பது வருடம் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பிழைத்தவன், சொல் மாறாது.

"எங்கப்பா என்னைய பெல்ட்டால அடிப்பாரு அங்கிள். அதனால நான் எங்க வீட்ல ஒரு சட்டம் போட்டேன். எது செஞ்சாலும் சரி, என்கிட்ட வந்து தப்புன்னு ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சிது. அதுக்கப்பறம் அடியும் கிடையாது, அந்தப் பேச்சும் கிடையாது. எம்புள்ள அந்த விஷயத்துல ரொம்பக் கெட்டி. நான் கேக்கறதுக்கு முன்னாலயே தப்புதான்ப்பான்னு வந்து நிக்கும்."

பெருமையாகத்தான் சொன்னார். பிறகு முன்னால் போன காரைத் திட்டிக்கொண்டு ஹாரன் அடித்தார். தான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எண்ணெய்ப்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் ஏதோ எண்ணிக்கொண்டு வந்தேன். என்ன எண்ணினேன் என்று நினைவில்லை.

வாசலில் பெண் அதிகாரி ஒருவர் இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார். குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று நான் ஓரடி பின்வைத்தபோது, "எங்க மாமா லா, காக்" என்று கன்னையா, மலாய் வழக்கில் அவரை அக்கா என்று கூப்பிட்டு, சொல்லிவிட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. பெயர் எழுதும் புத்தகத்தில் உறவு என்ற கட்டத்தில் என் கையாலேயே மாமா என்று எழுதினேன். நடந்ததைக் கமலநாதனிடம் சொல்லிவிடப் போகிறேன். அவர் அதற்கு என்ன சொல்வாரோ தெரியவில்லை.

மின்விசிறிகள் ஓடும் பெரிய அறை. மேசைக்கு ஒரு குடும்பம். தாமரை உயரமாகியிருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "கோர்ட்டுல தமிழ் சொன்ன அங்கிள்தானே? அன்னைக்கும் இதே சட்டதான் போட்டிருந்தீங்க" என்றாள். பெரியவரை அப்படிச் சொல்லலாமா என்று கன்னையா அதட்டினார். "நல்லாருக்குன்னுதானப்பா சொன்னேன்" என்றாள். ரொட்டி செய்யக் கற்றுக்கொள்வதாகவும், தான் செய்யும் பன் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதாகவும் சொன்னாள். அம்மா ஏன் வரவில்லை என்று இரண்டு தடவை கேட்டாள். ஷிஃப்ட் என்று இரண்டு தடவையும் கன்னையா சொன்னார்.

நான் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன், பதிலை என் வாயால் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. முதல் கேள்வி, அன்று நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா என்பது. "தப்புன்னு ஒத்துக்கிறியான்னு கேட்டீங்க" என்றாள். எதைப் பற்றிக் கேட்டேன் என்று நினைத்தாய் என்றேன். அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பள்ளிக்கூடம் போறேன்னு பொய் சொல்லிட்டு அக்காகூட மோட்டர் சைக்கிள்ல போனேன்ல, அது" என்றாள். அப்படியானால் பை, என்று கேட்டேன். "அது அக்கா பை அங்கிள். புடி, பாத்ரூம் போயிட்டு வரேன்னு குடுத்துச்சு. நான் தொறக்கக்கூட இல்ல. நீங்க பையப் பத்திக் கேக்கவே இல்லையே."

பையைப் பற்றி நான் சொல்லியிருந்தேன், நுஸைபா. குற்றச்சாட்டு முழுவதையும் அவளுக்குத் தமிழில் வாசித்திருந்தேன். ஆனால் அதை எழுத்துத் தமிழில் வாசித்தேன். 'பொது நோக்கத்துடன்', 'உடைமையிலிருந்து அகற்றி', 'மேற்படி பொருட்களை'. அது நீதிமன்ற வாசகம், அதில் கை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். படித்து முடித்துவிட்டு, பிள்ளை பயப்படக் கூடாதே என்று கேள்வியை மட்டும் வீட்டுத் தமிழில் கேட்டேன். அவளுக்குப் புரிந்தது அந்த ஒரு கேள்விதான். அது அவள் வீட்டில் அப்பா கேட்கிற கேள்வி. அதற்கு என்ன பதில் சொன்னால் எல்லாம் முடியும் என்று அவளுக்குத் தெரியும். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டிருந்தாலாவது அவள் வாயடைத்து நின்றிருப்பாள். மாஜிஸ்திரேட் அம்மையார் வழக்கறிஞருக்காக வழக்கைத் தள்ளிவைத்திருப்பார். நான் கனிவாகக் கேட்டேன்.

தாளில் இன்னும் நாலு கேள்விகள் இருந்தன. கேட்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்த்து, நான் கிளம்பப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சற்றுக் குனிந்து, "கோர்ட்ல ஒரு தடவ சொன்னேன், அப்பறம் அறிக்கை எழுதுன அக்காகிட்ட ஒரு தடவ சொன்னேன். ரெண்டு தடவ தப்புன்னு சொல்லியாச்சு. போதலையா அங்கிள்?" என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. விதிமுறை தெரிந்தவரிடம் விசாரிப்பது போலக் கேட்டாள். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நான் கன்னையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்ட விதம், அவர் போட்ட வீட்டுச் சட்டம், இரண்டும் அன்று எப்படி ஒன்றோடொன்று மோதின என்பதை வரிசையாகச் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும். டோல் தாண்டிய பிறகு, "அப்ப நான் சொல்லிக் குடுத்ததுதான் அதுக்கு வெனையாப் போச்சா அங்கிள்?" என்றார்.

இல்லை, நீங்கள் போட்டது நல்ல சட்டம், நான்தான் அந்தச் சட்டம் செல்லாத இடத்தில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். நாற்பது வருடத்தில் நான் யோசிக்காமல் உடனே சொன்ன பதில் அநேகமாக அது ஒன்றுதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கையெழுத்துப் போடுவீங்கதானே?" என்று கேட்டார். போடுவேன் என்றேன். பிறகு வழியில் வண்டியை நிறுத்தி எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது, வியாழக்கிழமை நான் எழுதாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்றேனே, அதை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். 'சாலா. பெரியவர்களுக்குக் குற்றம், பிள்ளைகளுக்குத் தப்பு.' பக்கத்தில் தேதி இருக்கிறது. 1987, ஆகஸ்ட். அந்த ஆண்டிலிருந்து நான் சிறுவர் வழக்குகளுக்குப் போயிருக்கிறேன். வாரத்தில் சில நாள், சில மாதங்களில் தினமும். தாமரை ஒருத்திக்காக நான் எழுதிக் கொடுத்தால், மற்ற பிள்ளைகள் யார் என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் மூன்றாவது குறிப்பை அத்தனை கவனமாக எழுதினேன். தாமரையைப் பற்றிய சந்தேகம் எனக்கு மார்ச் மாதமே இருந்தது. அவள் பதில் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கு முடிந்த பிள்ளை போல, பதில் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்வது மொழிபெயர்ப்பாளன் வேலை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது, உன் கையேடு. கைதாகும் பிள்ளைகளுக்காக நீங்கள் அச்சிடப்போகும் அந்தச் சிறு புத்தகத்தின் தமிழைத் திருத்தித் தரச் சொல்லியிருந்தாய். நாலாம் பக்கத்தில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 'தப்பு' என்று போடச் சொல்வதாகத்தான் இருந்தேன். இரண்டுமே வேண்டாம். ஒரு சொல்லில் இதைக் கேட்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். கீழே உள்ளது போல எழுதிப் பார்த்தேன். சரியா என்று தெரியவில்லை, பிள்ளைகளிடம் படித்துக் காட்டிப் பார்.

"நீ இந்த நாளில் இந்த இடத்தில் இதைச் செய்தாய் என்று போலீஸ் சொல்கிறது. என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்று உன் வார்த்தையில் சொல். அதை நீ செய்தாயா? தெரிந்து செய்தாயா? ஆமாம் என்று சொன்னால் விஷயம் இதோடு முடியாது. உன்னை வீட்டுக்கு அனுப்பாமலும் இருக்கலாம். இல்லை என்று சொன்னால் யாரும் உன்னை அடிக்கக் கூடாது. தெரியாது என்று சொல்லலாம். வக்கீல் வேண்டும் என்று சொல்லலாம்."

நீளமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் இவ்வளவு நேரம் கொடுப்பார்களா என்று கேட்பார்கள். நீ அங்கே படித்துவிட்டு வந்து அதற்குச் சண்டை போடு. மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று நீங்கள் கொடுத்த மனுவைப் பார்த்து, எங்களுக்குத் தமிழ் தெரியாதா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த மனுவில் என் பெயரைச் சேர்த்துக்கொள்.

ஐந்தாவது, உன் உடம்பு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குளிரில் பசி தெரியாது என்று சொல்வார்கள். உன் அம்மா சொன்னபடி கனமான கம்பளி வாங்கு.

நாளைக் காலை கமலநாதன் அலுவலகத்துக்குப் போகிறேன். வியாழனன்று சொல்ல நினைத்ததைச் சொல்லமாட்டேன். சத்தியப் பிரமாணத்தில் நான் படித்த எழுத்துத் தமிழ், கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில், அவள் கதவைப் பார்த்தது, எல்லாம் இருக்கும். நோட்டையும் கொடுப்பேன். இதனால் எனக்கு என்ன வரும் என்று அவரிடம் கேட்க எண்ணியிருந்தேன். கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

உன்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நோட்டில் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை, சொற்களும் தேதிகளும்தான். ஆனால் அந்தத் தேதிகளில் நான் எந்த நீதிமன்றத்தில் இருந்தேன் என்பதை என் பழைய நாட்குறிப்புகளிலிருந்து எடுக்க முடியும். பழைய கோப்புகளை எங்கே எப்படித் தேடுவது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். கண்டுபிடித்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கலாம். நீ திரும்பி வந்து அந்த வேலையைத் தொடங்கினால், வயதானவர் என்று என்னை விட்டுவிடாதே. ஒரு மேசையும் வெளிச்சமும் போதும், உட்கார்ந்து பார்ப்பேன். அதுவரை உன் தொழுகையில் அந்தப் பிள்ளைகளுக்காகக் கேள். எனக்காக இப்போது வேண்டாம்.

நல்லபடியாகப் படித்து, நல்ல உடம்போடு வீடு வந்து சேர்.

வியாழக்கிழமை எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் நான் முதலிலேயே சம்மதித்தவன் போலத் தெரியும். ஆகவே அவற்றையும் சேர்த்தே ஷபீரிடம் கொடுக்கிறேன். மூன்றாவது குறிப்பு சரியல்ல. அந்தப் பிள்ளையிடம் நான் சரியாகக் கேட்கவில்லை.

என்றும் உன் நலம் நாடும்,
க. சிவசம்பு